ஒரே ஆணியில் ஓராயிரம் மலைகள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்திருப்பது ஒரு காலண்டரைப் பற்றி. ஆமாம், சுவரில் மாட்டுகிற காலண்டர்தான். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் வாசலிலேயே என்னை நிறுத்தி, "காலண்டரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாவலைப் பற்றிப் பேசலாம், காவியத்தைப் பற்றிப் பேசலாம். டிசம்பரில் வாங்கி, அடுத்த டிசம்பரில் பழைய பேப்பர்க்காரரிடம் போடுகிற ஒரு பொருளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

நண்பர்களே, உங்கள் வீட்டுச் சுவரை நினைத்துப் பாருங்கள். முருகனின் முகம் உங்களுக்கு முதலில் எங்கே அறிமுகமானது? கோயில் கருவறையிலா? அங்கே எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், பூ அலங்காரத்துக்கு நடுவில், முகம் அரைகுறையாகத்தான் தெரியும். முருகனின் புன்னகையை, மயிலின் கழுத்து நீலத்தை நாம் நிதானமாகப் பார்த்தது நகைக்கடையும் அரிசி மண்டியும் கொடுத்த காலண்டரில். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முகங்கள்தான் தமிழ்நாட்டின் பல லட்சம் வீடுகளில் தெய்வத்தின் முகங்களாயின. காலண்டர் படம் எவ்வளவு ஆழமாக ஒரு மனதுக்குள் இறங்கும் என்பதை வேறு யாருக்காவது சொல்ல வேண்டியிருக்கலாம், நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இன்று நான் பேசப்போவது நம் ஊர்க் காலண்டரைப் பற்றி அல்ல. கடல் கடந்த ஒரு காலண்டர். சாமி படம் இல்லாத காலண்டர். ஒரு கதையின் படங்களைத் தாங்கிய காலண்டர். 1973ஆம் ஆண்டில் தொடங்கி இன்றுவரை ஏறக்குறைய ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் டோல்கீன் காலண்டர்.

டோல்கீனைப் படிக்காதவர்களுக்காக நாலு வார்த்தை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் அவர். 1892இல் பிறந்தார். 1937இல் 'தி ஹாபிட்' வந்தது. 1954, 1955 ஆண்டுகளில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகங்களாக வந்தது. மிடில் எர்த் என்றொரு உலகத்தையே அவர் படைத்தார். அதற்கு மலைகள் கொடுத்தார், ஆறுகள் கொடுத்தார், மொழிகள் கொடுத்தார். இடுப்பளவு உயரமும் ரோமம் அடர்ந்த பாதங்களும் கொண்ட ஹாபிட் என்ற சிறு மனிதர்களை அங்கே குடிவைத்தார். உலகத்தின் மிகப் பெரிய தீமையை, ஒரு மாய மோதிரத்தை, அழிக்கும் பொறுப்பை, மாவீரர்கள் எல்லோரையும் விட்டுவிட்டு, அந்தச் சிறு மனிதர்களின் தோளில் வைத்தார். கதை அவ்வளவுதான். இனி காலண்டருக்கு வருவோம்.

வந்ததும் ஒரு முரண்பாடு நம் எதிரே நிற்கிறது. மிகுபுனைவுக் கதைக்குப் படம் போடுவதால் பெரிய நன்மை எதுவும் இல்லை என்று சொன்னவர் யார் தெரியுமா? இதே டோல்கீன்தான்!

1939ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தேவதைக் கதைகளைப் பற்றிய சொற்பொழிவு. பின்னாளில் அது கட்டுரையாக விரிந்து அச்சானபோது, அதன் குறிப்பு ஒன்றில் இந்தக் கருத்தை வைத்தார். படம் எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் சரி, அது ஒரே ஒரு உருவத்தைக் கொண்டுவந்து நம் முன் நிறுத்திவிடுகிறது. சொல் அப்படிச் செய்வதில்லை. சொல் ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்கு நேராகப் போகிறது. அங்கே போய் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாக முளைக்கிறது. இதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

இதை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். 'அவள் கிணற்றடிக்குப் போனாள்' என்று ஒரு கதையில் எழுதியிருக்கிறது. ஒரே வரி. தஞ்சாவூர்க்காரருக்குக் கொல்லைப்புறத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் தளும்பும் உறைகிணறு தெரியும். ராமநாதபுரத்துக்காரருக்குக் கயிறு போட்டுப் போட்டுக் கை காய்த்துப்போன ஆழக் கிணறு தெரியும். கொங்கு நாட்டுப் பெரியவருக்குக் கமலை இறைத்த காலத்துக் கிணறும் மாட்டின் மூச்சுச் சத்தமும் தெரியும். இந்த அவையில் இருநூறு பேர் இருந்தால் இருநூறு கிணறு! இப்போது அந்த வரிக்குப் பக்கத்தில் ஓர் ஓவியர் ஒரு கிணற்றை வரைந்துவிட்டால்? இருநூறு கிணறும் தூர்ந்துபோய் ஒரே ஒரு கிணறு மிஞ்சும். டோல்கீனின் அச்சம் இதுதான். அது நியாயமான அச்சம். அதை நான் லேசில் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் பாருங்கள், அப்படி அஞ்சிய மனிதர் தாமே ஓர் ஓவியர். 'தி ஹாபிட்' நூலுக்குக் கறுப்பு வெள்ளைப் படங்களையும் வரைபடங்களையும் அவரே வரைந்தார். அதன்பின் ஐந்து நீர்வண்ண ஓவியங்களும் தீட்டினார். அவற்றில் ஒன்று, ஸ்மாக் என்ற டிராகனோடு கதாநாயகனான ஹாபிட் பில்போ பேசும் காட்சி. தங்கக் குவியலின் மேல் செம்பொன் நிறத்தில் டிராகன் சுருண்டு கிடக்கிறது. கீழே ஓரத்தில், ஒரு புகைவளையத்துக்குள், பில்போ பணிந்து நிற்கிறான். இந்தப் படத்தைப் பற்றி டோல்கீனே ஒரு கடிதத்தில் குறை சொல்லியிருக்கிறார். ஹாபிட் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டான், பருமனும் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது என்று. அதோடு நிறுத்தவில்லை. பில்போ அந்த நேரத்தில் மாய மோதிரம் அணிந்து டிராகன் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவன் ஆயிற்றே, அதனால் அவன் வேறொரு தளத்தில், வேறொரு படத்துக்குள் இருப்பதாகக் கொள்ள வேண்டும், என் பிள்ளைகளுக்கு அது புரிகிறது என்கிறார்.

என்ன அழகான விளக்கம்! கண்ணுக்குத் தெரியாத ஒருவனை எப்படி வரைவது? எழுத்தாளனுக்கு அது ஒரு சொல். ஓவியனுக்கு அது ஒரு போராட்டம். அந்தப் போராட்டத்தை டோல்கீன் தம் கையாலேயே அனுபவித்தவர். அதனால்தான் படத்தைப் பற்றி அவ்வளவு எச்சரிக்கையாகப் பேசினார் என்று நான் நினைக்கிறேன்.

அந்த எச்சரிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1965இல் அமெரிக்காவில் பாலன்டைன் நிறுவனம் அவருடைய நூல்களைப் பேப்பர்பேக்காக வெளியிட்டது. அட்டைப்படம் வரைந்தவருக்குக் கதையைப் படிக்க அவகாசமே கிடைக்கவில்லை. 'தி ஹாபிட்' அட்டையில் ஒரு சிங்கம்! நெருப்புக்கோழி போல இரண்டு ஈமு பறவைகள்! இளஞ்சிவப்புக் குமிழ்கள் தொங்கும் ஏதோ ஒரு மரம்! கதையில் சிங்கம் எங்கே, ஈமு எங்கே? டோல்கீன் மனம் நொந்து பதிப்பாளருக்கு எழுதினார். பிற்பாடு வந்த அச்சுகளில் சிங்கம் மறைந்தது. தன் உலகத்தின் ஒவ்வொரு புல்லையும் அறிந்த ஒரு மனிதருக்கு அந்த அட்டை எவ்வளவு வலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அதே மனிதர் 1972இல் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து ஓர் இளைஞன், இன்னும் இருபது வயதாகாதவன், பில்போ வீட்டில் எதிர்பாராத விருந்தாளிகள் கூடும் காட்சியை வரைந்து அதன் புகைப்படத்தை அவருக்கு அனுப்பினான். சில வாரங்களில் பதில் வந்தது. பாராட்டு இருந்தது. பில்போ சற்றுக் குழந்தைத்தனமாகத் தெரிகிறான் என்ற ஒரு குறையும் இருந்தது. எண்பது வயதுப் பெரியவர், உலகப் புகழ் பெற்றவர், முன்பின் தெரியாத ஒரு பையனின் படத்தைக் கூர்ந்து பார்த்துப் பதில் எழுதுகிறார்! அந்தப் பையன் பெயர் டெட் நாஸ்மித். பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காலண்டரில் அவரைத் திரும்பச் சந்திப்போம்.

முதல் டோல்கீன் காலண்டர்கள் 1973இலும் 1974இலும் வந்தன. அவற்றில் டோல்கீனின் சொந்த ஓவியங்கள் இடம்பெற்றன. 1973 செப்டம்பர் 2ஆம் தேதி அவர் மறைந்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் பிரிட்டனின் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகம் அவருடைய ஓவியங்களைக் காலண்டர்களாக வெளியிட்டுவந்தது. அவர் மகன் கிறிஸ்டோபர் அவற்றுக்குக் குறிப்புகள் எழுதினார். 1979இல் அந்தப் படங்கள் தொகுக்கப்பட்டு ஒரு நூலாயின. இந்த வரிசையைக் கவனியுங்கள். வழக்கமாக நூலிலிருந்து காலண்டர் பிறக்கும். இங்கே காலண்டரிலிருந்து நூல் பிறந்திருக்கிறது! தந்தையின் ஓவியங்களில் பலவற்றை உலகம் அறிந்துகொண்டது முதலில் சுவர் ஆணியின் வழியாகத்தான்.

அமெரிக்காவிலோ கதை வேறு பக்கம் திரும்பியது. 1975க்கான காலண்டரை வரைந்தவர் டிம் கிர்க். கலிபோர்னியாவில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தவர். முதுகலைப் பட்டத்துக்காக அவர் செய்த வேலையே டோல்கீன் ஓவியங்கள்தான், மொத்தம் இருபத்தாறு. அதில் பதின்மூன்று காலண்டருக்குப் போயின. ஒரு மாணவரின் ஆய்வேடு மக்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்குகிறது என்றால், அதைவிடப் பெரிய பட்டமளிப்பு விழா உண்டா?

அந்த 1975 காலண்டர் ஒரு வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் போனது. அந்த வீடு கிரெக் ஹில்டெபிராண்டின் வீடு. இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் காலண்டர் ஓவியம் என்ற கலையின் உச்சம் இங்கேதான் நடந்தது.

கிரெக் ஹில்டெபிராண்ட், டிம் ஹில்டெபிராண்ட் இருவரும் இரட்டையர்கள். 1939 ஜனவரி 23ஆம் தேதி டெட்ராய்ட் நகரத்தில் பிறந்தவர்கள். சிறுவயதில் டிஸ்னி படங்களைப் பார்த்து மயங்கியவர்கள். பிற்காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் பேராயர் ஃபுல்டன் ஷீனிடம் வேலைபார்த்து, உலகத்தின் பசியைப் பற்றி ஆவணப்படங்கள் எடுத்தவர்கள். பசித்த முகங்களைக் கேமரா வழியாகப் பார்த்த கண்கள்தான் பின்னால் மாய உலகத்தை வரைந்தன. அவர்கள் படங்களில் ஒளி அப்படிப் பொங்குவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு அடிக்கடித் தோன்றும்.

அந்தப் பரிசுக் காலண்டரின் பின்புறத்தைக் கிரெக் திருப்பிப் பார்த்தார். அடுத்த காலண்டருக்கு ஓவியர்கள் தேவை என்று ஓர் அறிவிப்பு இருந்தது. சகோதரர்கள் ஓவியம் ஓவியமாக வரைந்து தள்ளினார்கள். அத்தனையையும் வைக்க உறை இல்லை. குப்பை கட்டுகிற பெரிய பிளாஸ்டிக் பைகளில் போட்டு, தோளில் சுமந்துகொண்டு நியூயார்க் பதிப்பகத்தின் படியேறினார்கள். பையைக் கவிழ்த்தார்கள். காலண்டர் அவர்கள் கைக்கு வந்தது. 1976 காலண்டர், 1977 காலண்டர், 1978 காலண்டர், மூன்று ஆண்டுகள் அவர்களுடையவை. 1978 காலண்டர் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது!

பத்து லட்சம் சுவர்கள், நண்பர்களே! எந்த அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்தை ஒரு மாதம் முழுக்க, நாள் தவறாமல், பத்து லட்சம் குடும்பங்கள் பார்த்திருக்கின்றன?

அவர்கள் எப்படி வரைந்தார்கள்? தனித்தனியாக அல்ல. ஒரே பலகையில் இருவரும் தூரிகை வைப்பார்கள். எந்தக் கோடு யார் போட்டது என்று பார்ப்பவரால் பிரித்துச் சொல்ல முடியாது. மாதிரிக்கு ஆள் வேண்டுமே? வீட்டுப் பிள்ளைகள், நண்பர்கள் எல்லோரும் வேஷம் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் புகைப்படம் எடுத்துப் பார்த்து வரைந்தார்கள். அதனால்தான் அவர்கள் வரைந்த ஹாபிட்டின் கன்னத்தில் நிஜமான ஒரு பக்கத்து வீட்டுப் பையனின் கன்னம் தெரியும். எயோவின் என்ற வீரப்பெண் சிறகுள்ள கொடிய மிருகத்தின் மேல் வரும் எதிரியை எதிர்த்து நிற்கும் அவர்களுடைய ஓவியத்தைப் பாருங்கள். அந்தப் பெண்ணின் உடம்பில் கனம் இருக்கிறது. கால் தரையில் ஊன்றியிருக்கிறது. மாயக் கதையை நம்ப வைப்பது மாயம் அல்ல, அந்தக் கால் ஊன்றல்தான்.

அவர்களுடைய வண்ணம் மிகை, ஒளி மிகை, ஓவியம் நாடக மேடை போலிருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் சுவரில் பத்தடி தூரத்திலிருந்து, அவசரமாகச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே பார்க்கப்படும் படத்துக்கு அந்த மிகை வேண்டும் என்பது என் கட்சி. தெருக்கூத்தில் கட்டியக்காரன் ஏன் அவ்வளவு உரக்கப் பாடுகிறான்? கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக.

சரி, இப்போது அந்தக் கேள்விக்குத் திரும்புவோம். இருநூறு கிணறுகள் என்ன ஆயின? பத்து லட்சம் வீடுகளில் டோல்கீனின் மந்திரவாதி காண்டால்ஃப் ஒரே முகத்தோடு தொங்கினால், பத்து லட்சம் காண்டால்ஃப்களும் செத்துப்போனார்கள் அல்லவா?

இங்கேதான் காலண்டர் என்ற பொருளின் இயல்பை நாம் பார்க்க வேண்டும். காலண்டர் தாள் எவ்வளவு நாள் இருக்கும்? முப்பது நாள். அல்லது முப்பத்தொரு நாள். பிப்ரவரியில் பாவம், இருபத்தெட்டு நாள். அதன்பின் அது திரும்பிக்கொள்ளும். அடுத்த தாள் வரும். டிசம்பர் முடிந்தால் காலண்டரே இறங்கிவிடும். அடுத்த ஆண்டு அதே ஆணியில் வேறொரு ஓவியர் வருவார். அவர் வேறொரு காண்டால்ஃப்பைக் கொண்டுவருவார். புத்தகத்துக்குள் அச்சான படம் கதையோடு கட்டிப்போட்ட படம், நாற்பது ஆண்டு ஆனாலும் அந்தப் பக்கத்தில் அதே முகம்தான் இருக்கும். காலண்டர் படம் விருந்தாளி. வருகிறது, நம்மோடு ஒரு மாதம் இருக்கிறது, போய்விடுகிறது. எந்த விருந்தாளியும் வீட்டுப் பத்திரத்தைத் தன் பெயரில் எழுதிக் கேட்பதில்லை.

எத்தனை விருந்தாளிகள் வந்தார்கள்! 1987 காலண்டரில் நான் முன்பு சொன்ன அந்தக் கனடா பையன் வருகிறார். டெட் நாஸ்மித் அப்போது கட்டடங்கள் எழும்பும் முன்பே அவை எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டும் தொழிலில் இருந்தார். அதனால் அவர் படங்களில் மனிதர் சிறியவர், நிலம் பெரியது. பாறைக்கு எடை உண்டு, பள்ளத்தாக்குக்கு ஆழம் உண்டு, மேகம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றுகூடத் தெரியும். அவர் ஓவியத்தைப் பார்த்தால் அந்த இடத்துக்கு நடந்து போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடத் தோன்றும்.

அதே காலகட்டத்தில் வருகிறார் ஜான் ஹோ. கனடாவில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்பவர். இடைக்காலப் போர்வீரர்களின் வாழ்க்கையை அதே உடை, அதே ஆயுதங்களோடு நடத்திக் காட்டும் குழுவில் இருந்தவர். கவசம் எங்கே உரசும், வாளுறை எந்தப் பக்கம் இடிக்கும் என்று உடம்பால் அறிந்தவர். அவருடைய காண்டால்ஃப் மழையில் நடக்கிறார். சாம்பல் நிற அங்கி காற்றில் விசிறுகிறது, தொப்பியின் விளிம்புக்குக் கீழே கண்கள் கோபமாகப் பார்க்கின்றன. ஹில்டெபிராண்ட் சகோதரர்களின் காண்டால்ஃப்போடு நீங்கள் உட்கார்ந்து டீ குடிக்கலாம். ஹோவின் காண்டால்ஃப்புக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கத் தோன்றும். இருவரும் அதே மனிதர்தானா? இருவரும் அவர்தான்.

ஆலன் லீ வருகிறார். இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்தின் ஓரத்தில் வாழ்பவர். பாசி படிந்த கல்லும், முறுக்கிக்கொண்ட வேரும், எப்போதும் கலையாத மூடுபனியும் அவருக்கு வீட்டு வாசல். டோல்கீன் நூற்றாண்டை ஒட்டி வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பதிப்புக்கு ஐம்பது நீர்வண்ண ஓவியங்கள் தீட்டினார். அவை பின்பு காலண்டர்களிலும் வலம்வந்தன. லீ எதையும் முழுதாகக் காட்ட மாட்டார். முகத்தைத் திருப்பிவிடுவார், கோட்டையைப் பனியில் கரைத்துவிடுவார். மிச்சத்தை நீ பார்த்துக்கொள் என்று விட்டுவிடுவார். டோல்கீனின் அச்சத்தை நன்றாகப் புரிந்துகொண்ட தூரிகை அது.

பிறகு 2011 காலண்டர். அதைத் திறந்தவர்கள் பலர் திகைத்துப்போனார்கள். அதில் இருந்தவை டச்சு ஓவியர் கோர் பிளோக்கின் படங்கள். ஆள் என்றால் ஒரு கோடும் ஒரு வளைவும். பின்னணி என்று எதுவும் இல்லை. கவசத்தின் ஒவ்வொரு கண்ணியையும் எதிர்பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குழந்தை வரைந்ததைப் போலத் தெரியும். ஆனால் டோல்கீன் உயிரோடு இருந்தபோது, 1961இல், இந்தப் பிளோக்கை நேரில் சந்தித்தார். அவருடைய ஓவியங்களில் இரண்டை வாங்கிக்கொண்டார்! இதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. படம் வேண்டாம் என்று சொன்னவர் காசு கொடுத்து வாங்கிய படம், எதையும் திணிக்காத படம். பார்ப்பவருக்கு இடம் விட்ட படம். அந்தப் படங்களை ஐம்பது ஆண்டு கழித்துச் சுவருக்குக் கொண்டுவந்தது ஒரு காலண்டர்.

சினிமா வந்தது என்பதை மறக்கவில்லை. 2001 முதல் 2003 வரை மூன்று படங்கள். இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அந்த உலகத்தைக் கட்டுவதற்கு யாரைக் கூப்பிட்டார்? காலண்டர் ஓவியர்களைத்தான் கூப்பிட்டார். ஆலன் லீயும் ஜான் ஹோவும் நியூசிலாந்துக்குப் போய் ஆண்டுக்கணக்கில் வரைந்தார்கள். மூன்றாவது படத்தின் கலை இயக்கத்துக்காக ஆலன் லீ ஆஸ்கர் விருதில் பங்கு பெற்றார். நாஸ்மித்துக்கும் அழைப்பு போனது, சொந்தக் காரணங்களால் அவரால் போக முடியவில்லை. அந்தப் படங்களை நான் நேசிக்கிறேன். ஆனால் ஒரு வருத்தம் எனக்கு உண்டு, அதை இந்த அவையில் சொல்லிவிடுகிறேன். இன்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் காண்டால்ஃப் என்றால் ஒரே ஒரு நடிகரின் முகம்தான் வருகிறது. கல்கியின் வந்தியத்தேவனுக்கு மணியம் கொடுத்த முகத்தை ஒரு தலைமுறை சுமந்தது. அதன்பின் எத்தனை ஓவியர்கள் எத்தனை வந்தியத்தேவன்களை வரைந்தார்கள்! அந்தப் பன்மை வேண்டும். டோல்கீன் அஞ்சியது ஓவியத்தைக் கண்டு என்பதைவிட, ஒற்றை ஓவியத்தைக் கண்டு என்றே நான் கொள்கிறேன். அதற்கு மருந்து ஓவியத்தைத் தடுப்பதில் இல்லை, இன்னும் பத்து ஓவியங்களைக் கொண்டுவருவதில் இருக்கிறது. அந்த வேலையைத்தான் இந்தக் காலண்டர் ஐம்பது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு பேசிவிட்டேன், படத்துக்குக் கீழே இருக்கும் கட்டங்களைப் பற்றிச் சொல்லவில்லையே! காலண்டர் என்றால் பாதி படம், பாதி தேதி. டோல்கீன் தேதிகளிலும் பெரிய பித்தர். கதை மாந்தர் ஓரிடத்தில் பிறை பார்த்தால், இன்னோரிடத்தில் அதே இரவில் இருப்பவரும் அதே பிறையைத்தான் பார்க்க வேண்டும் என்று நிலாக் கணக்கை உட்கார்ந்து சரிபார்த்தவர். பல டோல்கீன் காலண்டர்களில் அந்தந்த நாளின் கட்டத்தில் கதை நிகழ்ச்சிகளையும் அச்சிட்டிருப்பார்கள். செப்டம்பர் 22, பில்போவுக்கும் மோதிரத்தைச் சுமக்கும் ஃபிரோடோவுக்கும் பிறந்தநாள். டிசம்பர் 25, மோதிரத்தோடு பயணம் புறப்பட்ட நாள். மார்ச் 25, மோதிரம் அழிந்த நாள். மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டிய தேதிக்கு இரண்டு கட்டம் தள்ளி, உலகம் காப்பாற்றப்பட்ட தேதி இருக்கும்!

அது மட்டுமா? ஹாபிட்களுக்கென்று தனியாக ஒரு நாட்காட்டியையே டோல்கீன் வகுத்து, நூலின் பின்னிணைப்பில் வைத்திருக்கிறார். பன்னிரண்டு மாதங்கள், ஒவ்வொன்றுக்கும் சரியாக முப்பது நாள். முந்நூற்று அறுபது ஆயிற்று. மிச்சம் ஐந்து நாள். குளிர்காலத்தில் ஆண்டின் கடைசி நாளும் முதல் நாளுமாக இரண்டு, கோடையின் நடுவில் மூன்று, எல்லாம் திருவிழா நாட்கள். அதில் ஆண்டின் நட்டநடு நாளுக்குக் கிழமையே கிடையாது! லீப் ஆண்டில் கூடுதலாக வரும் நாளுக்கும் கிழமை கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கிழமையுள்ள நாட்கள் முந்நூற்று அறுபத்து நான்கு. ஏழால் வகுத்தால் மீதியில்லாமல் ஐம்பத்திரண்டு வாரம். அதனால் ஒரு தேதி எந்த ஆண்டிலும் அதே கிழமையில்தான் வரும். ஹாபிட்கள் கடிதத்தில் கிழமையைக் குறிப்பிடும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள்.

இதன் பொருள் என்ன? ஹாபிட் ஒருவன் ஒரே ஒரு காலண்டர் வாங்கினால் போதும். ஆயுள் முழுக்க அதே காலண்டர்.

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் கொஞ்சம் உண்டு. அதைச் சொல்லி என் பேச்சை முடிக்கிறேன்.

2005ஆம் ஆண்டு, டிசம்பர் மாதம். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில், பழைய புத்தகக் கடையில், குவியலுக்கு அடியில் ஒரு பழைய காலண்டர் கிடைத்தது. ஹில்டெபிராண்ட் சகோதரர்களின் 1978 காலண்டர். எந்த வழியாக அது இந்த ஊருக்கு வந்ததோ, தெரியாது. அட்டை கிழிந்திருந்தது, ஓரத்தில் ஈரம் பட்ட கறை. வீட்டுக்கு வந்து புரட்டும்போது கவனித்தேன். 1978 ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமை. வரப்போகும் 2006 ஜனவரி 1ம் ஞாயிற்றுக்கிழமை! இரண்டுமே லீப் அல்லாத ஆண்டுகள். நாள் பிசகாமல் பொருந்தியது. அடுக்களைச் சுவரில் மாட்டிவிட்டேன்.

அம்மா வந்து பார்த்தார். "இதுல ராகுகாலம் எங்கடா போட்டிருக்கு?" என்றார். பொங்கலைக்கூட நான்தான் ஜனவரி 14, சனிக்கிழமைக் கட்டத்தில் பேனாவால் எழுதினேன். படத்தைக் காட்டி, "யாரு இந்தத் தாடிக்காரர்? சித்தரா?" என்று கேட்டார். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. டோல்கீன் என்ற பெயரை அதற்குமுன் கேட்டதும் இல்லை. நான் காண்டால்ஃப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். மறுநாள் பால் காயும்போது, "அப்புறம் அந்தத் தாடிக்காரர் என்ன பண்ணார்?" என்றார். இன்னும் கொஞ்சம் சொன்னேன். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். மாதம் திரும்பியது, படம் திரும்பியது, கதையும் அந்தப் படத்துக்கு ஏற்றபடி திரும்பியது. மார்ச் 25ஆம் தேதி மோதிரம் நெருப்பில் விழுந்ததைச் சொன்னபோது, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டார். அந்தச் சின்னப் பையன்கள் வீடு திரும்பினார்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

படம் சொல்லைக் கொன்றுவிடும் என்று அஞ்சினார் டோல்கீன். எங்கள் அடுக்களையில் படம்தான் சொல்லைக் கூப்பிட்டது. அம்மா தம் மனதில் பார்த்த காண்டால்ஃப் அந்தத் தாளில் இருந்தவரும் இல்லை. அம்மாவின் காண்டால்ஃப்புக்கு எங்கள் ஊர் மலையடிவாரத்தில் குடிசை போட்டிருந்த ஒரு வைத்தியரின் நடை இருந்தது என்று அம்மாவே ஒருநாள் சொன்னார்.

அம்மா அந்தக் கட்டங்களில் பென்சிலால் பால் கணக்கு எழுதிவந்தார். ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர், ஊருக்குப் போன நாட்களில் சுழி. ஆண்டு முடிந்ததும் காலண்டரைச் சுருட்டிப் பரணில் வைத்தேன். 2017இல் கிழமைகள் மறுபடி பொருந்தின. எடுத்து மாட்டினேன். அம்மா தம் பழைய கணக்கைப் படித்துப் பார்த்து, அப்போது பால் என்ன விலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2023இல் மறுபடி பொருந்தியது. அந்த ஆண்டு அம்மா இல்லை. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. ஒவ்வொரு மாதமும் தாளைத் திருப்பும்போது, முதலில் படத்தைப் பார்ப்பேனா கட்டத்தைப் பார்ப்பேனா என்று எனக்கே தெரியாது.

இனி அது பொருந்தப்போகும் ஆண்டு 2034. என் பேத்திக்கு அப்போது பத்து வயது நிறைந்திருக்கும். அடுக்களைச் சுவருக்குப் போன மாதம்தான் புதிதாக வெள்ளையடித்தோம். அந்த ஆணியை மட்டும் பிடுங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.